தாழப் பறந்து செய்யும் வேலையும் அதில் நேரும் அபாயங்களும்: ஒரு ஹெலிகாப்டர் விபத்து புகட்டும் பாடங்கள்

பயிர்த்தொழிலுக்கு ஆகாய விமானம் துணைபுரியத் தொடங்கி நூறு வருஷங்களுக்கு மேலாகின்றன. 1921-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 3-ந் தேதியன்று, அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தைச் சேர்ந்த டிராய் என்னும் ஊருக்கருகில், ஜான் மக்ரெடி என்ற இராணுவ விமானி, கட்டால்பா மரங்களை அரித்துத் தின்ற புழுக்களின்மேல் ஈய ஆர்ஸனேட் என்னும் நஞ்சுத்தூளை விமானத்திலிருந்து தூவினார். சுமார் 6 ஏக்கர் தோப்புக்கு மருந்து தூவுதல் ஒரு நிமிஷத்திற்கும் குறைந்த காலத்தில் முடிந்தது. 1946-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பெல் 47 என்னும் ஹெலிகாப்டர் அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதி பெற்றுப் பொதுமக்கள் உபயோகத்திற்கு வந்தது. அதன் பின்னர் மருந்து தூவும் வேலைக்கு ஹெலிகாப்டரும் வந்து சேர்ந்தது. ஓடுபாதை வேண்டாமை, வேண்டிய இடத்தில் நிற்கக் கூடுமை, இறக்கையின் கீழ்க்காற்று மருந்தை இலைகளின் இடையே செலுத்துதல் ஆகியவை இதன் சிறப்புக்களாகும்.

இந்தியாவிலும் இவ்வேலை புதியதன்று. கேரளத்து ரப்பர்த் தோட்டங்களில் இலையுதிர்ச்சி நோயைத் தடுக்கச் செம்பு கலந்த மருந்து ஆகாயத்திலிருந்து தெளிக்கப்பட்டதுண்டு. 2020-ஆம் வருஷத்தில் பாலைவன வெட்டுக்கிளிகள் திரளாகப் புகுந்தபோது, ராஜஸ்தான் பாலைவனப் பகுதிக்கென பெல் 206 வகை ஹெலிகாப்டர் ஒன்று அனுப்பப்பட்டது. அது ஒரு தடவைக்கு 250 லிட்டர் மருந்தை ஏந்தி, 25 முதல் 50 ஹெக்டேர் வரை, அதாவது ஏறக்குறைய 60 முதல் 125 ஏக்கர் வரை, தெளிக்க வல்லது என்று தெரிவிக்கப்பட்டது.

இத்தனை நன்மையுள்ள வேலைக்கு ஒரு விலையும் உண்டு. உயரப் பறக்கும் விமானத்திற்கு ஏதேனும் பழுது நேரிடின், விமானிக்கு யோசிக்க அவகாசம் உண்டு. இறங்க இடம் தேடவும் கூடும். மரத்தின் உச்சியளவில் பறப்பவனுக்கு அவ்விரண்டும் இல்லை. இதனை நன்கு விளக்கும் விபத்தொன்று ஆஸ்திரேலியாவில் 2022-ஆம் வருஷத்தில் நிகழ்ந்தது. அது மருந்து தெளிக்கும் வேலையன்றாயினும், பண்ணைத்தொழிலைச் சேர்ந்ததே. அதன் வரலாறும் அது கற்பிக்கும் பாடங்களும் இங்கு விவரிக்கப்படுகின்றன.

முதலைப் பண்ணையும் முட்டை சேகரிப்பும்

ஆஸ்திரேலியாவின் வடபிரதேசத்தில் உவர்நீர் முதலைகள் மிகுதி. தோலுக்காக வரையறையின்றிச் சுடப்பட்டு அருகிப்போன இவ்வினத்திற்கு 1971-ஆம் வருஷத்தில் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. இனம் பெருகிய பின்னர், காட்டு முட்டைகளை எடுத்துப் பண்ணையில் பொரிக்கவைத்து வளர்க்கும் முறைக்கு அனுமதி வழங்கப்பட்டது. மழைக்காலத்தில் பெண்முதலை சதுப்பு நிலத்தில் புல்லையும் தழையையும் குவித்துக் கூடு கட்டி, ஏறக்குறைய 50 முட்டைகள் இடும். அவற்றுள் பெரும்பகுதி வெள்ளத்தில் மூழ்கியும், வெப்பம் மிகுந்தும், பிற பிராணிகளுக்கு இரையாகியும் அழிந்துபோகும். ஆதலின் ஓரளவு முட்டைகளை எடுப்பதால் இனத்திற்குக் கேடில்லை. நிலத்திற்குரிய பழங்குடியினருக்கும் வருவாய் கிடைக்கிறது. வருவாய் தருகின்ற சதுப்பைக் காக்கவேண்டும் என்ற எண்ணமும் உண்டாகிறது.

முட்டைகளை எடுப்பது எளிதன்று. கூடு இருக்கும் இடத்திற்குப் பாதை கிடையாது. மார்பளவு நீரும், ஆளுயரப் புல்லும், அருகிலேயே காவலிருக்கும் தாய்முதலையும் அங்குள்ளன. முட்டையை எடுக்கும்போது அது கிடந்த நிலை மாறாதபடி மேற்புறத்தில் அடையாளமிட்டு வைத்தல் வேண்டும்; புரட்டிவிட்டால் உள்ளிருக்கும் கரு அழியும். ஹெலிகாப்டர் இறங்க இடமில்லாத இடங்களில், அதன் அடியில் தொங்கும் கயிற்றில் இடுப்புவாருடன் ஓர் ஆளைப் பிணைத்து, கூட்டின்மேல் இறக்கி, வேலை முடிந்ததும் மீண்டும் தூக்கிச் செல்லும் வழக்கம் ஏற்பட்டது.

விபத்தின் வரலாறு

2022-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 28-ந் தேதி காலையில், டார்வின் நகருக்குத் தென்கிழக்கேயுள்ள நூனமா என்னும் ஊர்ப்பக்கத்திலிருந்து ராபின்ஸன் ஆர் 44 வகை ஹெலிகாப்டர் ஒன்று முட்டை சேகரிப்புக்குப் புறப்பட்டது. இது நால்வர் அமரக்கூடிய, ஒற்றைப் பொறியுள்ள சிறு ஊர்தி. மேற்கு ஆர்ன்ஹம் லாண்டில் கிங் ஆற்றோரச் சதுப்பில் வேலை நடைபெறுகையில், விமானி ஊர்தியிலும், முட்டை சேகரிப்பவர் கீழே கயிற்றிலும் இருந்தனர். பறக்கும்போதே பொறி நின்றுபோயிற்று. ஊர்தி தரையில் மோதிச் சிதைந்தது. கயிற்றில் இருந்தவர் உயிரிழந்தார், விமானி படுகாயமடைந்தார். வானொலியில் அழைத்தும் பதில் வராமையால், அதே வேலையில் ஈடுபட்டிருந்த மற்றொரு ஹெலிகாப்டர் குழுவினர் தேடிச்சென்று அவர்களைக் கண்டனர்.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணை நிலையம் இவ்விபத்தை ஆராய்ந்து 2023-ஆம் வருஷத்தில் அறிக்கை வெளியிட்டது. அதன் முடிவுகளின் சாரமாவது: எரிபொருள் தீர்ந்தமையால் பொறி நின்றது. வழியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தூரத்தில் இருந்த எரிபொருள் நிலையத்தில் ஊர்தி எரிபொருள் நிரப்பிக்கொள்ளாமலே சென்றிருத்தல் கூடும். எரிபொருள் குறைந்து வருவதை விமானி, பொறி நிற்கும் வரையில், கண்டுகொள்ளவில்லை. பொறி நின்றபின் தரையிறங்க முயலுகையில், கயிற்றின் கொக்கி விடுவிக்கப்பட்டது. அவ்வேளையில் கயிற்றில் இருந்தவர், விழுந்து பிழைக்கக்கூடிய உயரத்திற்கு மேல் இருந்தார்.

அறிக்கை இத்துடன் நிற்கவில்லை. ஊர்தியை நடத்திய நிறுவனம், தொழிலிலுள்ள அபாயங்களை முறைப்படி ஆராய்ந்து அவற்றிற்குத் தடைகள் வகுக்கவில்லை என்றும், அனுமதி வழங்கிய அதிகாரிகள் உயரம், வேகம் முதலியவற்றிற்கு வேண்டிய வரையறைகளை அனுமதியில் சேர்க்கத் தவறினர் என்றும் அது எடுத்துக் காட்டியது. எனவே, ஒருவனுடைய ஒருநாளைய மறதி மாத்திரம் இவ்விபத்திற்குக் காரணமன்று. மறதி எவருக்கும் நேரும். மறதி நேர்ந்தபோது உயிரைக் காக்கவேண்டிய வேலிகள் ஒவ்வொன்றாக முன்னரே பிரிக்கப்பட்டிருந்தமையே பெருங்காரணம்.

முதற்பாடம்: எரிபொருளைக் கணக்கிடுதல்

எரிபொருள் தீர்ந்து ஹெலிகாப்டர் விழுவது இதுவே முதற்றடவையன்று. 1960-ஆம் வருஷம் மே மாதம் முதல் தேதியன்று சோவியத் நாட்டின்மேல் சுட்டு வீழ்த்தப்பட்ட யு-2 விமானத்தின் விமானியாகிய பிரான்ஸிஸ் காரி பவர்ஸ், 1977-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் முதல் தேதியன்று லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் இறந்தார். அப்போது அவர் தொலைக்காட்சி நிலையமொன்றின் ஹெலிகாப்டரில், ஸான்டா பார்பராப் பக்கத்துக் காட்டுத்தீயைப் படம்பிடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார். இறங்கவேண்டிய நிலையத்தை அடையுமுன் எரிபொருள் தீர்ந்துபோயிற்று. உடன்சென்ற படப்பிடிப்பாளரும் மாண்டார். எழுபதாயிரம் அடி உயரத்தில் பறந்து பழகிய விமானியையும், தாழப் பறந்த வேலையில் வெறுந்தொட்டி கொன்றது. பிழையாகக் காட்டிவந்த அளவுமானி அவருக்குத் தெரிவிக்கப்படாமலே செப்பனிடப்பட்டிருந்தது என்று அவருடைய மகன் பிற்காலத்தில் கூறியுள்ளார்.

இறைக்கும் எஞ்சின் வைத்திருக்கும் குடியானவர் எவரும் இக்கணக்கை எளிதில் அறிவர். ஓர் ஊர்திக்கு மணிக்கு 60 லிட்டர் செலவாவதாகவும், தொட்டியில் 120 லிட்டர் இருப்பதாகவும் கொள்க. பறக்கக்கூடிய காலம் 2 மணி. அதில் அரைமணி எந்நாளும் தொடக்கூடாத கையிருப்பு. மீதம் 90 நிமிஷம். வேலையிடத்திற்குச் செல்லவே 75 நிமிஷம் ஆயின், வேலைக்கும் திரும்புதற்கும் சேர்த்து 15 நிமிஷமே எஞ்சும். ஆகவே வழியில் நிரப்பாமற் சென்றவன், வேலை தொடங்குமுன்னரே கையிருப்பைச் செலவழிக்கத் தொடங்கியவனாவான்.

இதற்குரிய முறை மூன்று. அளவுமானியை மாத்திரம் நம்பாமல், அளவுகோலைத் தொட்டியில் விட்டுப் பார்த்தல். புறப்பட்ட நேரத்தையும் நிரப்பிய அளவையும் காகிதத்தில் எழுதிவைத்தல். இன்ன மணிக்குமேல் பறப்பதில்லை என்று முன்னரே குறித்துக்கொண்டு, அதனைத் தரையிலுள்ள மற்றொருவருக்கும் தெரிவித்து, அந்நேரம் வந்தவுடன் அவர் வானொலியில் நினைவூட்டும்படி ஏற்பாடு செய்தல். வேலையில் மூழ்கியவனுக்கு நேரம் தெரியாது. ஆதலால் நேரத்தைக் காக்கும் பொறுப்பை வேலையில் மூழ்காத ஒருவரிடம் ஒப்படைத்தல் நன்று.

இரண்டாம் பாடம்: உயரமும் வேகமும்

பொறி நின்றவுடன் ஹெலிகாப்டர் கல்லைப்போல் விழுந்துவிடும் என்பது தவறான எண்ணம். மகாகனி மரத்தின் இறக்கையுள்ள விதை சுழன்றுகொண்டே மெல்ல இறங்குவதைப் பலரும் கண்டிருப்பர். அதேபோல், ஊர்தி இறங்கும்போது கீழிருந்து எதிர்த்துவரும் காற்று தலைமேலுள்ள இறக்கைகளைச் சுழலச் செய்யும். அச்சுழற்சியில் சேர்ந்த வலிமையைத் தரைக்கருகில் செலவழித்து விமானி மெல்ல இறக்கக்கூடும். ஆனால் பொறி நின்ற இரண்டொரு வினாடிக்குள் இறக்கைகளின் சாய்வைக் குறைத்தல் வேண்டும்; தாமதித்தால் சுழற்சி குன்றி, பின்னர் மீளாது. மேலும், இதற்குப் போதிய உயரமேனும், முன்னோக்கிய வேகமேனும் கையில் இருத்தல் அவசியம். சில அடி உயரத்தில் நிற்கும் ஊர்தி பெரும்பாலும் தப்பும். பலநூறு அடி உயரத்தில் இருப்பதும் தப்பும். வேகமின்றி இடைப்பட்ட உயரத்தில் அசையாது நிற்பதே மிகக் கொடியது. ஒவ்வொரு ஹெலிகாப்டரின் கைப்புத்தகத்திலும் இவ்வபாய எல்லை படமாக வரையப்பட்டிருக்கும். கயிற்று வேலையும், சுமை இறக்கும் வேலையும் பெரும்பாலும் அவ்வெல்லைக்குள்ளேயே நடைபெறுகின்றன.

கயிற்றில் மனிதன் தொங்குகையில் இக்கேடு இருமடங்காகும். விமானி கொக்கியை விடாவிடின், தொங்குபவன் முதலில் தரையில் மோதுவான். ஊர்தியும் அவன்மேல் விழலாம். விட்டாலோ, அவ்வுயரத்திலிருந்து அவன் வீழ்வான். மூன்றாம் வழி கிடையாது. ஆகையால் எந்த உயரத்தில் தூக்கிச் செல்லுகிறோம் என்பதை முன்னரே வரையறுத்துக்கொள்வதே அவன் உயிருக்குக் காப்பு. பத்தடி உயரத்திலிருந்து விழுபவன் தரையை அடையும்போது மணிக்கு ஏறக்குறைய 17 மைல் வேகத்தில் இருப்பான். நாற்பதடியிலிருந்து விழுந்தால் 34 மைல். உயரம் நான்கு மடங்காயின் வேகம் இருமடங்காகும். அடியின் வலிமையோ நான்கு மடங்காகும். கால்கள் புல்நுனியைத் தொடுமளவில் மெதுவாகக் கொண்டுசெல்லப்படுபவனுக்கும், மரங்களுக்கு மேலே தூக்கிச் செல்லப்படுபவனுக்கும் உள்ள வேற்றுமை இதுவே. கூட்டுக்குக் கூடு கயிற்றிலேயே கொண்டுசெல்லாமல், தொலைவாயின் உள்ளே ஏற்றிச் சென்று மீண்டும் இறக்குதல் காலத்தைச் சற்றே வீணாக்கும், உயிரை வீணாக்காது.

மூன்றாம் பாடம்: கண்ணுக்குத் தெரிந்த கம்பி

மருந்து தெளிக்கும் வேலையில் மிகக் கொடிய பகை கம்பியாகும். ஆஸ்திரேலியாவில் 2001 முதல் 2010 வரையில் பதிவான கம்பி மோதல் விபத்துக்கள் 180. அவற்றுள் 100 விவசாய வேலையில் நேர்ந்தவை. வியக்கத்தக்க செய்தி யாதெனில், மோதிய விமானிகளில் நூற்றுக்கு 63 பேர் அக்கம்பி அங்கிருப்பதை முன்னரே அறிந்திருந்தனர் என்பதாம்.

அறிந்த கம்பியில் மோதுவது ஏன்? கம்பி மெல்லியது, பழையதாயின் மங்கிய நிறத்துடன் பின்னாலுள்ள மண்ணோடும் மரத்தோடும் கலந்துவிடும். அதன் தொலைவைக் கண் அளக்க இயலாது. சூரியன் எதிரே இருப்பின் முற்றிலும் மறையும். இவற்றினும் பெரிய காரணம் கவனச்சிதைவு. காலையில் கம்பியைப் பார்த்து மனத்திற் குறித்தவன், நாற்பது தடவை வயலின் குறுக்கே சென்று திரும்பியபின், காற்றின் திசை மாறியதையும், மருந்து தீர்வதையும், வானொலிச் செய்தியையும் கவனிக்கையில், அதனை மறந்துபோகிறான். ஓரங்களில் விடுபட்ட இடத்தைக் கடைசியாகத் தெளிக்கும் வேளையில் பறக்கும் திசை மாறுகிறது. முன்பு இணையாக இருந்த கம்பி இப்பொழுது குறுக்காக வந்து நிற்கிறது. ஆதலின் அக்கடைசி ஓட்டத்திற்கு முன் ஒருமுறை உயர எழும்பி வயலைச் சுற்றிப் பார்த்தல் இன்றியமையாதது. கம்பியைத் தேடுவதினும் கம்பங்களைத் தேடுதல் எளிது. ஒரு கம்பத்திலிருந்து எத்தனை திசைகளிற் கம்பி பிரிகிறது என்று பார்த்தல் வேண்டும். சில ஹெலிகாப்டர்களின் முகப்பில் மேலும் கீழும் கம்பியறுக்கும் கத்திகள் பொருத்தப்படுகின்றன. நேராக முன்னால் வரும் கம்பிக்கே அவை உதவும். பின்புறத்து விசிறியிற் சிக்கும் கம்பிக்கு உதவா.

தமிழ்நாட்டு வயல்களில் கிணற்றுப் பம்புகளுக்காக மின்சாரக் கம்பிகள் வரப்புக்கு வரப்பு செல்லுகின்றன. இந்நாட்டில் மருந்து தெளிக்க இப்போது பெரும்பாலும் வருவது ஆளில்லாத சிறு ட்ரோன்களே. இதற்கென மத்திய அரசாங்கம் 2021-ஆம் வருஷத்தில் செயல்முறை விதிகளை வெளியிட்டது. ட்ரோனில் விமானி இல்லாமையால் அவனுக்கு உயிரச்சம் இல்லை. ஆயினும் கம்பி அங்கேயே இருக்கிறது. அறுந்து வயலில் விழும் மின்சாரக் கம்பியும், சுழலும் கூரிய இறக்கைகளும், காற்றில் விலகிச் செல்லும் மருந்தும் தரையில் நிற்பவரையே தாக்கும்.

நான்காம் பாடம்: சுமை, வெப்பம், காற்று

வெயில் மிகுந்த வேளையில் காற்று இளகியிருக்கும். இறக்கைகளுக்குக் கிடைக்கும் தாங்குசக்தி குறையும். காலையில் எளிதில் தூக்கிய சுமையை அதே ஊர்தி நண்பகலில் தூக்க இயலாமல் தத்தளிக்கும். நிறைந்த தொட்டியுடன், வயல் முடிவில், காற்று பின்னாலிருந்து வீச, சடுதியில் திரும்புவதே விபத்து மிகுந்த தருணம். அன்றியும், முன்செல்லாமல் செங்குத்தாக விரைந்து இறங்கும் ஹெலிகாப்டர், தான் கீழே தள்ளிய காற்றிலேயே அகப்பட்டு அமிழ்ந்துபோகும். அப்போது மேன்மேலும் வலிமை கொடுப்பது பயன்படாது, முன்னோக்கிச் செலுத்தி அக்காற்றைவிட்டு வெளியேறுதலே வழி. ஆகவே அதிகாலையிலும் மாலையிலும் வேலை செய்தல், அரைத்தொட்டி மருந்துடன் தொடங்குதல், காற்றை எதிர்நோக்கித் திரும்புதல் ஆகியவை ஊர்திக்கும் நன்று, பயிருக்கும் நன்று. காற்று அடங்கிய வேளையில் மருந்து அயல்நிலத்திற்கும் குளத்திற்கும் விலகிச் செல்லாது.

நிலத்தில் இருப்போர் கடமை

விமானியின் கடமைகள் அவனுடைய கைப்புத்தகத்தில் உள்ளன. வயலுக்குரியவர் செய்யவேண்டியவை பின்வருமாறு:

1. வயலின் படம் ஒன்று வரைந்து, மின்சாரக் கம்பி, தந்திக் கம்பி, கம்பம், உயர்ந்த மரம், கிணறு, குளம், குடிசை, தேன்கூடு வைத்த இடம் ஆகியவற்றைக் குறித்து, தெளிப்பவர் கையில் முன்னரே கொடுத்தல் வேண்டும். சென்ற வருஷம் இல்லாத புதிய கம்பியைத் தனியே குறிப்பிடுதல் வேண்டும்.

2. கம்பத்தின் அடியிலும், கம்பி செல்லும் வழியிலுள்ள வரப்பிலும் வெள்ளைத் துணியோ கொடியோ நட்டு அடையாளம் செய்யலாம். கம்பியைத் தொடுதலும், அதன்மேல் எதையும் கட்டுதலும் மின்சார இலாகாவினரின் வேலை. குடியானவர் அதில் இறங்கலாகாது. அவர்கள் கட்டும் நிறக்கோளங்கள் குறைந்தது 60 சென்டிமீட்டர் குறுக்களவுடையவை.

3. தெளிக்கும் வேளையில் ஆட்களும் கால்நடைகளும் சிறுவர்களும் வயலிலும் காற்றுவீசும் பக்கத்திலும் இருக்கலாகாது. வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை வேலை தொடங்குமுன் அப்புறப்படுத்துதல் வேண்டும்.

4. ஹெலிகாப்டர் இறங்கும்போது பின்புறமாக நெருங்கலாகாது. பின்விசிறி சுழல்வது கண்ணுக்குத் தெரியாது. முன்பக்கமாக, விமானி கண்டு கைகாட்டியபின், குனிந்து செல்லுக. குடை, துண்டு, தளர்ந்த சாக்கு முதலியவை காற்றில் எழும்பி இறக்கையிற் சிக்கும், அவற்றை அப்புறப்படுத்துக.

5. கம்பி அறுந்து விழுந்தால் அருகிற் செல்லாமலும், மற்றவரைச் செல்லவிடாமலும் தடுத்து, மின்சார நிலையத்திற்கு உடனே அறிவித்தல் வேண்டும். விழுந்த ஊர்தியின்மேல் கம்பி கிடந்தாலும் மின்சாரம் நிறுத்தப்பட்டதென உறுதியாகும் வரையில் தொடலாகாது.

6. "இன்னும் ஒரு மூலைதான், முடித்துவிட்டுப் போகலாம்" என்று விமானியையோ ட்ரோன் இயக்குபவரையோ வற்புறுத்தலாகாது. நேரம் முடிந்தது, காற்று மாறியது என்று அவர் சொன்னால், அதனை ஏற்றுக்கொள்ளல் வேண்டும். விடுபட்ட மூலையைக் கைத்தெளிப்பானால் மறுநாள் முடிக்கலாம்.

முடிவுரை

கிங் ஆற்றுச் சதுப்பில் அன்று மாண்டவர் தம் தொழிலில் தேர்ந்தவர். ஊர்தியும் பழுதுடையதாக இல்லை. அரைமணி செலவிட்டு எரிபொருள் நிரப்பியிருந்தாலும், எரிபொருளின் அளவை ஒருவர் கேட்டிருந்தாலும், கயிற்றுக்கு உயர வரையறை இருந்திருந்தாலும், இவற்றுள் ஒன்றேனும் நிகழ்ந்திருந்தால், அவர் அன்று மாலை முட்டைக் கூடைகளுடன் வீடு திரும்பியிருக்கக்கூடும். வேலி ஒன்று விழுந்தால் மற்றொன்று தடுக்கும். எல்லாம் விழுந்தால் தடுப்பார் இல்லை. ஆகாயத்திலிருந்து செய்யும் எவ்வேலைக்கும், வேலை தொடங்குமுன் செலவிடும் கால்மணி நேரமே மலிவான காப்பாகும். கம்பி எங்கே, காற்று எப்படி, எரிபொருள் எவ்வளவு, ஆட்கள் எங்கே என்னும் இந்நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பின்னரே வயலின்மேல் எந்த ஊர்தியையும் பறக்கவிடுதல் வேண்டும்.